ஒரே நாளில் ஐந்து படங்கள்: திரைப்பட விழாக் களைப்பைப் பற்றி

கடந்த டிசம்பரில் முதன்முறையாகத் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போய் ஒரே நாளில் ஐந்து படங்களைப் பார்த்ததாகவும், இரவு விடுதிக்குத் திரும்பும்போது தலைவலியில் பேசக்கூட முடியவில்லை என்றும், எல்லோரும் புகழ்ந்த நான்காவது படத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் உறங்கிவிட்டதாகவும், மறுநாள் காலையில் எந்தக் காட்சி எந்தப் படத்தில் வந்தது என்றே பிரித்தறிய முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உலகத் திரைப்படங்களை ரசிக்கும் பக்குவம் தங்களுக்கு இல்லையோ என்ற வருத்தமும், மற்றவர்களால் மட்டும் எப்படி நாளுக்கு ஐந்து படம் பார்க்க முடிகிறது என்ற வியப்பும் உங்கள் கேள்வியில் இருக்கின்றன. நாகர்கோவிலிலிருந்து அந்த விழாவுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் போய்வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. அன்று உங்களுக்குக் கிடைக்காமல் போனது படத்துக்கும் படத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி. விழாவில் படம் பார்ப்பதன் சரிபாதி அந்த இடைவெளியில்தான் நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கே பல ஆண்டுகள் ஆயின.

முதலில் உடலின் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் உங்களுக்கு வந்த தலைவலிக்குக் காரணம் பெரும்பாலும் மிக எளியதாகவே இருக்கும். விழா நாளில் முதல் காட்சி காலை ஒன்பது மணியை ஒட்டித் தொடங்கிவிடுகிறது. அடுத்தது முற்பகல் பதினொன்றரை மணிவாக்கில், அதன்பின் மதியம், மாலை, இரவு என்று வரிசையாக வருகின்றன. ஒரு படம் இரண்டு மணி நேரம் ஓடினால் அது முடிவதற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் இடையே அரைமணி நேரம்கூட மிஞ்சாத வேளைகள் உண்டு. அந்த அரைமணியும் அடுத்த அரங்கின் வாசலில் வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். இதனால் காலை உணவு ஒரு தேநீராகவும், மதிய உணவு ஒரு பன்னாகவும் சுருங்கிவிடுகிறது. நடுவில் எழுந்துபோக நேருமே என்று தண்ணீரையும் குறைத்துவிடுகிறோம். பசியும் தாகமும் சேர்ந்தாலே தலைவலி வரும். அதோடு நான்கு வேளை தேநீரும், பத்து மணி நேரக் குளிர்சாதனக் காற்றும் சேரும்போது அதைத் தடுக்க வழியே இல்லை. அன்றைக்கு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை முறை தண்ணீர் குடித்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

கண்ணைப் பற்றிப் பலரும் தவறாக நினைக்கிறார்கள். அரங்கின் திரை தொலைவில் இருப்பதால், கைபேசியை நெருங்கிப் பார்க்கும்போது கண்ணின் குவியத் தசைக்கு ஏற்படும் இறுக்கம் அங்கே ஏற்படுவதில்லை. ஆனால் எதையாவது ஊன்றிப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது; இமைப்பது குறைந்தால் கண் காய்கிறது; வறண்ட ஏசி காற்று அதை இன்னும் காயவைக்கிறது. மணல் விழுந்ததுபோன்ற உறுத்தல் இப்படித்தான் வருகிறது. அதற்கும் மேலான உழைப்பு சப்டைட்டில் படிப்பதில் இருக்கிறது. பேச்சு மிகுந்த ஒரு முழுநீளப் படத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சப்டைட்டில்கள் வரலாம். ஒவ்வொன்றும் சில நொடிகளே திரையில் நிற்கும். அந்தச் சில நொடிகளுக்குள் கண் கீழே இறங்கிப் படித்துவிட்டு மேலே ஏறி நடிகரின் முகத்தைப் பிடித்தாக வேண்டும். படிப்பதோ ஆங்கிலத்தில். நாம் காதில் கேட்பது பாரசீகமாகவோ ஸ்பானியமாகவோ இருக்கிறது, கண்ணில் படிப்பது ஆங்கிலம், மனத்துக்குள் பொருள் கொள்வது தமிழில். மூன்று மொழிகளுக்கு நடுவே இப்படி ஓயாமல் போய்வருவதை ஐந்து படங்களுக்குச் செய்தால், ஒரு பெரிய நாவலை ஒரே நாளில் வேற்றுமொழியில் படித்து முடித்த களைப்பு வரத்தானே செய்யும்? அரங்கில் பின்பாதியின் நடு இருக்கைகளில் அமர்ந்தால் முகமும் எழுத்தும் ஒரே பார்வையில் அடங்கும்; முன்வரிசையில் அமர்ந்தால் கழுத்தும் சேர்ந்து வலிக்கும். விழா இல்லாத நாட்களிலும் இந்தத் தலைவலி வருமானால் கண் மருத்துவரிடம் ஒருமுறை பார்வையைச் சோதித்துக்கொள்வது நல்லது.

இவையெல்லாம் ஒரு நல்ல சாப்பாட்டிலும் எட்டு மணி நேர உறக்கத்திலும் சரியாகிவிடும். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது மனத்தின் களைப்பைப் பற்றி.

ஒரு நல்ல படம் தன் முதல் பதினைந்து நிமிடங்களில் நமக்கு ஒரு புதிய ஊரைப் பழக்குகிறது. அங்கே மனிதர்கள் எவ்வளவு மெதுவாகப் பேசுவார்கள், எதற்குச் சிரிப்பார்கள், வீட்டுக்குள் எப்படி அமர்வார்கள், ஒரு மௌனத்துக்கு அங்கே என்ன பொருள் என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தராமல் நாமே பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வணிகப் படத்தில் இந்த வேலை குறைவு, ஏனென்றால் அதன் வழக்கங்கள் நமக்கு ஏற்கெனவே பழகியவை. விழாவிலோ ஒவ்வொரு இயக்குநரும் தன் தாளத்தைத் தானே வகுத்துக்கொள்கிறார். அங்கேரி இயக்குநர் பேலா தார் எடுத்த ‘டூரின் குதிரை’ என்ற படம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஓடுகிறது, ஆனால் மொத்தமே சுமார் முப்பது ஷாட்டுகள்தான். காற்று வீசிக்கொண்டிருப்பதையும், தகப்பனும் மகளும் அவித்த உருளைக்கிழங்கைக் கையால் உரித்துத் தின்பதையும் நம் மூச்சின் வேகத்தைத் தணித்துக்கொண்டு பார்த்தால்தான் அந்தப் படம் நமக்குள் இறங்கும். 2022-ஆம் ஆண்டு விழாவில் அவருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது வழங்கி அவருடைய படங்களையும் திரையிட்டார்கள். அப்படி ஒரு படத்திலிருந்து வெளியே வந்து, இருபது நிமிடங்களில் வேகமாக வெட்டி ஒட்டப்பட்ட வேறொரு நாட்டுக் குற்றக்கதைக்குள் நுழைவது, ஆலாபனை கேட்டுக்கொண்டிருந்த காதுக்கு அருகே திடீரென்று தாரை தப்பட்டை முழங்குவதைப் போன்றது. இரண்டும் இசைதான், ஆனால் காதுக்குச் சற்று நேரம் வேண்டும்.

என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். பல ஆண்டுகளுக்கு முன், விழாவின் நான்காம் நாளில், நானும் ஐந்து படங்கள் பார்த்தேன். காலையில் தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள கைரளி வளாகத்தில் இரண்டு, பிறகு ஆட்டோ பிடித்து வழுதக்காட்டில் உள்ள தாகூர் தியேட்டருக்குப் போய் ஒன்று, மீண்டும் தம்பானூருக்கு வந்து இரண்டு. இரண்டாவது படத்தில் தென்னமெரிக்காவில் ஒரு தாய் காணாமற்போன தன் மகனைத் தேடி அலைகிறாள். நான்காவது படத்தில் மத்திய ஆசியாவில் இன்னொரு தாய் தன் மகனைத் தேடி அலைகிறாள். ஊருக்குத் திரும்பியதும் நண்பர்களிடம் இரண்டாவது படத்தைப் பற்றி வெகுநேரம் பேசினேன்; அதன் முடிவு எவ்வளவு துணிச்சலானது என்றும் விளக்கினேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே படத்தைக் குறுந்தகட்டில் பார்த்தபோதுதான், நான் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்த முடிவு அந்தப் படத்துக்கு உரியதே அல்ல, நான்காவது படத்துக்கு உரியது என்று தெரிந்தது. உண்மையான முடிவு மிக அமைதியானது: அந்தத் தாய் ஓர் அலுவலக மேசையின் முன் அமர்ந்து ஒரு படிவத்தை நிரப்புகிறாள், அவ்வளவுதான். அந்த அமைதிக்காகவே அந்த இயக்குநர் முழுப்படத்தையும் கட்டியிருந்தார். அதை நான் தொலைத்திருந்தேன். எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. யாரோ பல ஆண்டுகள் உழைத்துச் செய்த ஒன்றை என் அவசரத்தால் சிதைத்து வைத்திருந்தேன் என்று தோன்றியது. அன்றிலிருந்து நாளுக்கு மூன்று படங்கள் என்று வகுத்துக்கொண்டேன். மிக வேண்டிய ஒன்று குறுக்கிட்டால் மட்டும் நான்கு.

நினைவுக்கு இது இயல்பே. ஒன்றையொன்று ஒத்த செய்திகள் அடுத்தடுத்து வந்தால் பின்னது முன்னதைக் குழப்பும். பார்த்த படத்தைப் பற்றி உடனே யாரிடமாவது பேசுவதும், தனியாக நடந்தபடி அசைபோடுவதும், இரவில் உறங்குவதும் அந்தக் குழப்பத்தைக் குறைக்கின்றன. அதனால்தான் நான் ஒரு சிறிய குறிப்பேடு வைத்திருக்கிறேன். அதில் கதையை எழுதுவதில்லை, கதைச்சுருக்கம் விழாக் கையேட்டிலேயே இருக்கிறது. அரங்கைவிட்டு வெளியே வந்ததும் கண்ணில் நிற்கும் ஒரு காட்சியையும் காதில் நிற்கும் ஓர் ஒலியையும் மட்டும் எழுதுகிறேன். ‘மாடிப்படியில் உருண்ட ஆரஞ்சுப் பழம், பக்கத்து வீட்டுத் தையல் இயந்திரச் சத்தம்’ என்று ஒருவரி இருந்தால் போதும், பத்து ஆண்டுகள் கழித்தும் அந்தப் படம் முழுவதுமாக எழுந்துவருகிறது.

நாளுக்கு ஐந்து படம் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தெரிந்தால் உங்களுக்கு அந்த எண்ணிக்கையின் மேல் உள்ள மயக்கம் குறையும். இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952-இல் பம்பாயில் தொடங்கி, பிறகு சென்னை, தில்லி, கல்கத்தா நகரங்களுக்கும் சென்றது. 1965-இல் மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதைத் தொடர்ந்து கேரளத்தின் சிற்றூர்களில்கூடத் திரைப்படச் சங்கங்கள் முளைத்தன. ஒரு ஜப்பானியப் படத்தின் பிரதி ஊருக்கு வருகிறது என்றால் அதை அன்று பார்த்தால்தான் உண்டு. தவறவிட்டால் வாழ்நாளில் மறுபடி கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. 1994-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய கேரள விழா இந்தப் பசியின் மேல் எழுந்ததுதான். அந்தத் தலைமுறை ஒரு நாளில் கிடைத்த அத்தனையையும் பார்த்ததற்குக் காரணம் பற்றாக்குறை. அவர்கள்மேல் எனக்கு மிகப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இன்று விழாவில் வரும் படங்களில் கணிசமானவை ஓரிரு ஆண்டுகளில் ஏதாவதோர் ஓடிடி தளத்துக்கு வந்துவிடுகின்றன. பற்றாக்குறைக் காலத்தின் வழக்கத்தை நாம் அப்படியே சுமக்க வேண்டியதில்லை.

கணக்கும் இதையே சொல்கிறது. எட்டு நாட்கள், பதினைந்து அளவிலான அரங்குகள், நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட படங்கள் என்பது இப்போதைய விழாவின் அளவு. நாள் தவறாமல் ஐந்து படம் பார்த்தாலும் நாற்பதுதான் ஆகும். அதாவது, உடலை எவ்வளவு வருத்தினாலும் முக்கால் பங்குக்கு மேல் நீங்கள் தவறவிட்டே தீருவீர்கள். தவறவிடப்போவது உறுதி என்றான பிறகு, நாற்பதைத் தவறவிடாமல் இருக்க ஓடுவதைவிட இருபத்துநான்கைச் சரியாகப் பார்ப்பது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

நீங்கள் உறங்கியதைப் பற்றி. இதில்தான் நீங்கள் மிகவும் வெட்கப்படுகிறீர்கள் என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. கேரள விழாவின் சின்னத்தில் இருக்கும் உருவம் தோல்பாவைக்கூத்தில் வரும், இலங்கையின் காவல் தெய்வமான இலங்காலட்சுமி. பாலக்காட்டுப் பகுதியின் பகவதி கோயில்களில் இரவெல்லாம் நடக்கும் அந்தக் கூத்தில் பாடப்படுவது நம் கம்பராமாயணப் பாடல்கள். தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம இராவணப் போரைக் காண முடியாமற்போன பகவதிக்காக அது ஆடப்படுகிறது என்பது ஐதிகம். கோயிலைப் பொறுத்து ஏழு இரவு, இருபத்தொரு இரவு என்றெல்லாம் நீளும் அந்தக் கூத்தில், கோயில் திடலில் பாய் விரித்துப் படுத்தபடி பார்ப்பவர்கள் உறங்குவார்கள், விழிப்பார்கள், மறுபடி உறங்குவார்கள். நம் தெருக்கூத்திலும் அதுதான் வழக்கம். நள்ளிரவில் கண்ணயர்ந்த பாட்டி திரௌபதி சபதத்தின்போது தானே எழுந்து உட்காருவாள். அவளுக்கு ரசனை இல்லை என்று யாரும் சொன்னதில்லை. ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமிகூட, தன்னை அரங்கில் உறங்கவைத்த சில படங்களே பின்னர் இரவெல்லாம் தன்னை விழித்திருக்கச் செய்தன என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். மெதுவான படத்தில் வரும் உறக்கம் அந்தப் படத்துக்கு அவமரியாதை அல்ல. குறட்டை வந்தால் பக்கத்திலிருப்பவர் மெல்லத் தட்டி எழுப்பட்டும்.

ஆனால் இன்னொரு நிலை இருக்கிறது, அதைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன். விழாப் படங்களில் போரும் இடப்பெயர்வும் சிறையும் சாவும் மிகுதி. காலையில் குண்டுவீச்சில் இடிந்த ஒரு வீட்டைப் பார்க்கிறோம், மதியம் எல்லையில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தைப் பார்க்கிறோம், மாலையில் ஒரு குழந்தையின் சாவைப் பார்க்கிறோம். அந்தச் சாவைப் பார்க்கும்போது மனம் சிறிதும் அசையாமல், இன்னும் எவ்வளவு நேரம் ஓடும் என்று மணியைப் பார்க்கத் தோன்றினால், அன்றைக்கு அதுவே போதும் என்று எழுந்து வந்துவிடுங்கள். உறக்கம் உடல் கேட்கும் ஓய்வு. மரத்துப்போவது மனம் கேட்கும் ஓய்வு. அதற்குச் செவிகொடுக்காமல் ஆறு நாட்கள் தொடர்ந்தால், பிறர் துயரத்தை வெறும் படச்சட்டகமாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. ஒளிப்பதிவு நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு நகரும் சிலரை விழா வளாகங்களில் பார்த்திருக்கிறேன். நானும் ஓரிரு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன்.

அடுத்த டிசம்பரில் போவதாகச் சொல்லியிருப்பதால், ஒரு நாளை எப்படி அமைத்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்கிறேன். மெதுவான, நீளமான, நீங்கள் மிகவும் மதிக்கும் படத்தைக் காலை முதல் காட்சியில் பாருங்கள். அப்போது தலை தெளிவாக இருக்கும். மதிய உணவுக்குப் பிறகான இரண்டரை மணிக் காட்சியில் எவருக்கும் கண் சொக்கும், அது உடலின் இயல்பான சுற்று; அந்த வேளையை முடிந்தால் காலியாக விடுங்கள், அல்லது கதையோட்டம் விறுவிறுப்பான ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பொருளைப் பேசும் இரண்டு படங்களை ஒரே நாளில் வைக்காதீர்கள். முன்பதிவு செய்யும்போது படத்தின் பெயரை மட்டும் பார்க்காமல் அது எந்த அரங்கில் என்பதையும் பாருங்கள். தம்பானூருக்கும் வழுதக்காட்டுக்கும் இடையே மாலை நெரிசலில் ஓடுவது பாதிக் களைப்புக்குக் காரணம். இயக்குநர் நேரில் வந்திருந்தால், அடுத்த காட்சியை விட்டுவிட்டாவது படம் முடிந்தபின் நடக்கும் உரையாடலுக்கு அமருங்கள். படம் என்றாவது வேறெங்காவது கிடைக்கும், அந்த உரையாடல் கிடைக்காது.

காலியாக விட்ட அந்த மதிய வேளையில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். தம்பானூர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகே கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. செங்கல்லால் ஆன வட்டக் கோபுரம்போன்ற கட்டடம், உள்ளே சுழன்று மேலேறும் சரிவின் ஓரமாகவே மேசைகள். அங்கே பீட்ரூட் சிவப்பேறிய கட்லெட்டையும் ஒரு காபியையும் வைத்துக்கொண்டு அமர்ந்தால், பக்கத்து மேசைகளில் கழுத்தில் விழா அட்டையோடு இருப்பவர்கள் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, காலையில் என்ன படம் பார்த்தீர்கள் என்பதாகத்தான் இருக்கும். நான் அங்கே கேட்டுத் தெரிந்துகொண்ட நல்ல படங்கள் கையேட்டைப் படித்துத் தெரிந்துகொண்டவற்றைவிட அதிகம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் அங்கே ஒரே மேசையில் ஒரு படத்துக்காகச் சண்டையிடுவார்கள். அந்தச் சண்டையில் உங்கள் கருத்தைச் சொல்லும்போதுதான் படம் உங்களுக்குள் தன் இடத்தில் போய் அமர்கிறது. பேச விருப்பமில்லாத நாட்களில் கனகக்குன்று அரண்மனைப் பக்கமாகவோ அருங்காட்சியகத் தோட்டத்துக்கோ நடந்துபோய் மரத்தடியில் ஒருமணி நேரம் அமர்ந்துவிடுவேன்.

இரவுக்கு, கனகக்குன்றில் உள்ள நிசாகந்தி திறந்தவெளி அரங்கை வைத்துக்கொள்ளுங்கள். ஏசி இல்லை, மேலே வானம், டிசம்பர் இரவின் இளங்காற்று, பெருங்கூட்டம். 2022-இல் ஓர் இந்தோனேசியப் பேய்ப்படத்தை அங்கே நள்ளிரவில் திரையிட்டார்கள். அதுபோன்ற படங்களுக்கு அந்த இடம் மிகவும் பொருந்தும். பகலில் பார்த்த கனத்த படங்களின் இறுக்கம் அங்கே தானாகத் தளர்கிறது.

கடைசியாக, நீங்கள் உறங்கிப்போன அந்த நான்காவது படத்தைப் பற்றி. விழாவில் பெரும்பாலான படங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காட்சிகள் உண்டு. எந்தப் படத்திலாவது உறங்கிவிட்டால் அன்றிரவே அட்டவணையைப் பார்த்து அதன் அடுத்த காட்சியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்காக வேறொரு புதிய படத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும் தயங்க வேண்டாம். சென்ற டிசம்பரில் உங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாமற்போயிருக்கலாம், எனவே அந்தப் படம் ஓடிடியில் வந்ததும் ஒரு விடுமுறை நாளின் காலையில், வயிறார உண்டபின், கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு முதலிலிருந்து பாருங்கள். பார்த்தபின் அதில் நீங்கள் உறங்கிய அரைமணி நேரத்தில் என்ன நடந்தது என்பதை எனக்கு எழுதுங்கள். நானும் அந்தப் படத்தை இன்னும் பார்க்கவில்லை. அன்று அதே நேரத்தில் நான் காபி ஹவுஸில் இருந்தேன்.